பாதித் தட்டு

இது கட்டிய கதை இல்லை. சிட்லபாக்கத்தில், நாகலக்ஷ்மி வீட்டில், போன தை மாதம் பட்டப்பகலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவள் கணவர் ஜீவரத்தினம் பக்கவாதம் வந்து நாலு மாதம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். முப்பது வருஷம் அவள் சமையலை வழித்துச் சாப்பிட்ட மனுஷன், படுத்த பிறகு தினமும் பாதித் தட்டை அப்படியே வைத்தார். வைத்துவிட்டு, "பசிக்குது" என்பார்.

"தட்டுலதான் இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று இவள் எரிந்து விழுவாள்.

பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். கடைசிக் காலத்தில் தன்னை வெறுத்துவிட்டார் என்றே நினைத்தாள். இனி அவரிடம் போய்க் கேட்கவா முடியும்? அந்த ஒன்றுதான் அவளை அரித்தது.

பதினாறாம் நாள். அவர் படுத்த கட்டிலிலேயே, தலைமாட்டில் படத்தைச் சாய்த்து, அவருடைய எவர்சில்வர் தட்டில் படையல் போட்டாள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு மகள் எழிலோடு வெளியே நின்றாள்.

உள்ளே... தட்டை விரல் வழிக்கும் சத்தம்.

"பூனையா இருக்கும்மா," என்றாள் எழில். ஜன்னல் சாத்தியிருந்தது.

திறந்தார்கள். படத்தில் இருந்தவருக்கு வலப்பக்கப் பாதி காலி. இடப்பக்கம் சோறும் வடையும் தொடாமல் கிடந்தன. நடுவில் கோடு கிழித்த மாதிரி...

"இப்பவும் பாதிதானா?" நாகலக்ஷ்மி அழுதுவிட்டாள்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டு கிறிஸ்டினா அன்றுதான் லீவில் வந்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள் தட்டைப் பார்த்தாள். படுப்பவருக்கு வலப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்த கட்டிலைப் பார்த்தாள்.

"கட்டில் எப்பவும் இப்படியேதான் இருந்துச்சா ஆன்ட்டி?"

"ஆமா."

"நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?"

"இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் சுவராச்சே."

கிறிஸ்டினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூளையில வலது பக்கம் அடிபட்டா, சில பேருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. கண்ணு நல்லாத்தான் இருக்கும். மீதிச் சோறு அங்கிளுக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்க இடது பக்கம் நின்னதும் தெரிஞ்சிருக்காது."

வெறுப்பு இல்லை. பசி. நாலு மாதமும் பசி.

மீதிச் சோறு அவருக்கு வலப்பக்கம் வரும்படி நாகலக்ஷ்மி தட்டைத் திருப்பி வைத்தாள். கட்டிலை இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து, முதல் தடவையாக அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

தட்டு அசைந்தது...

மூன்று பேருக்குமே கேட்டது.

"நாகு... எங்க போயிருந்த, இத்தனை நாளா?"