கம்பளிக் கிடங்கின் வரலாற்றாசிரியர்

தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் மகாதேவன் டீக்குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். திருவனந்தபுரத்தில் இறங்கப் போகும் பயணிகள் விமானமாகத்தான் இருக்கும். அவரோ கண்ணைச் சுருக்கி, "எஞ்சின்ல லேசா ஒரு இருமல் இருக்கு, கேட்டீங்களா?" என்பார். மேலகரம் டீக்கடையில் அந்த இருமல் வேறு எவர் காதிலும் விழுந்ததில்லை.

விமானப்படையின் ரிசர்வ் சரக்கு விமானப் பிரிவு ஒன்றில் இருபது வருடம் இருந்தவர். போரோ வெள்ளமோ வந்தால் அரிசியும் மருந்தும் ஏற்றிப் பறக்கிற பிரிவு அது. மற்றவர்கள் பறந்தார்கள், மகாதேவன் கிடங்கில் கம்பளிகளை எண்ணினார். குற்றாலத்துக்குச் சாரலில் நனைய வருகிறவர்களிடம் கிடங்கைப் பற்றி மூச்சு விடமாட்டார். "நாங்க மேகத்துக்குள்ள பூந்தா..." என்றுதான் தொடங்குவார்.

அந்தப் பிரிவுக்கு ஐம்பது வயதாகிறது என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலேயே அதன் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். விமான எண்களும் தேதிகளும் பிசகவில்லை. கம்பளி எண்ணிய கை அல்லவா! துணிச்சலான காரியம் வருகிற இடங்களில் மட்டும் 'நான்' என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய சகா ஜோயல் செங்கோட்டையில் இருந்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு நேரே வந்தார்.

"ஏலே மகாதேவா, மலைவெள்ளத்துல கதவுல சிக்குன கயித்த அறுத்தது சேக் தாவூதுல்லா? நீ எப்பம்லே பிளேன்ல ஏறுன? லீவுக்கு வரயில ஒரு தடவ ஏறுன. அதுலயும் வாந்தி."

"வரலாறுன்னா எழுதுதவன் கண்ணு வழியாத்தான்லே வரும்."

ஜோயல் காகிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வெளியீட்டு விழாவுக்கும் வரவில்லை.

நடந்தது இதுதான். வானத்திலிருந்து தள்ளிய அரிசி மூட்டை ஒன்றின் கயிறு பின்கதவில் சிக்கி, மூட்டை வாசலிலேயே மோதி ஆட, விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூட்டை தள்ளும் வேலையில் இருந்த சேக் தாவூது இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டுத் தவழ்ந்து போய்க் கயிற்றை அறுத்தார். விடுபட்ட மூட்டை அவர் தோளை நொறுக்கிவிட்டுப் போயிற்று. விமானத்தில் இருந்த ஒன்பது பேர் பிழைத்தார்கள். அவருடைய வலது கை அதற்குப் பிறகு நெஞ்சுக்கு மேல் எழவில்லை. போன வருடம் காலமானார்.

தென்காசியில் ஒரு சிறிய மண்டபத்தில் விழா. பொன்னாடை, கைதட்டல் எல்லாம் முடிந்து மகாதேவன் கையொப்பம் போட்டுக்கொண்டிருந்தபோது சனோபர் வந்து நின்றார். சேக் தாவூதின் மனைவி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"அண்ணாச்சி, கண்ணு ஆப்ரேசன் முடிஞ்சு நாலு நாளுதான் ஆவுது. எழுத்து ஒண்ணும் புலப்படல. எங்க வீட்டுக்காரவுக கயிறு அறுத்தத எழுதியிருப்பீங்கல்லா, அத மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. முப்பது வருசமா அவுக சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டவ நாந்தான்."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மகாதேவனுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோளில் கிடந்த பொன்னாடை வழுக்கியது. அதை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அதற்குள் அந்தக் கணம் போய்விட்டது.

நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். அச்சில் 'நான்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'சேக் தாவூது' என்று சொன்னார். 'என் தோள்' வந்தது. 'அவர் தோள்' என்றார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பொய்யில் அவருக்கு அவ்வளவு பழக்கம். கேட்டவர்கள் கைதட்டினார்கள். சனோபர் கண்ணாடியைக் கழற்றாமலே விரலை உள்ளே விட்டு ஈரத்தைத் துடைத்தார்.

"நல்லா இருப்பீங்க அண்ணாச்சி. அந்தப் பக்கத்த மடிச்சுக் குடுங்க. மக நஸீபா சாயங்காலம் வருவா, இன்னொருக்க வாசிக்கச் சொல்லணும்."

மகாதேவன் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை மூடினார். நூலின் கடைசிக்குப் போனார். விமானங்களின் நீளமும் எடையும் அட்டவணையாக அச்சாகியிருந்த பக்கத்தின் மூலையை, நகத்தால் அழுத்தி நீவி, நேர்த்தியாக மடித்துக் கொடுத்தார்.