இருபத்துமூன்றாம் கேள்வி

ஆலையில் அவரை நழுவலார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. சுவருக்குப் பூசுகிற பட்டி மாவு அரைக்கும் ஆலை அது. அங்கே அவர் மக்கள் தொடர்பு அதிகாரி. தூசி தாங்கவில்லை என்று தெருக்காரர்கள் வந்தால் உட்கார வைத்துப் பேசுவது அவர் வேலை. பத்திரிகைக்காரர் ஃபோன் செய்தால் எடுப்பது அவர் வேலை. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு பதில் எழுதி அனுப்புவதும் அவர்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த ரகம். மேலாளருக்கு இவர் என்றால் உயிர்.

ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. ஆலையும் வேறெங்கோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்பார். சங்கு ஊதுகிற சத்தம், மூன்றாவது மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவரே சட்டம் போட்டுக்கொண்ட அந்தப் பச்சை டெலிபோன், ஜன்னல் விளிம்பில் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை மாவு, எல்லாம் ஞாபகத்துக்கு வரும். தூசிக்குக்கூட ஒரு மனுஷன் ஏங்குவானா? இவர் ஏங்குகிறார். ஆனால் எதையும்விட அதிகமாக அவர் ஏங்குவது அக்காவின் சமையலறையில் கழிந்த வியாழக்கிழமைகளுக்குத்தான்.

அக்காவின் வீடு ஆலையின் பின்சுவரை ஒட்டிய தெருவில். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவார். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவரைக் கேள்வியால் துளைத்து எடுப்பார். மேலாளர் மனைவி எப்படி, புது லாரி எதற்கு, அந்தப் புகைபோக்கிக்கு ஏன் சிவப்பு அடித்தார்கள், ஒன்றையும் விடமாட்டார். இவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி பதில் சொல்வார். அப்பா போன பிறகு அவரை ஒரு பொருட்டாக மதித்து இவ்வளவு கேட்டவர் உலகத்திலேயே அக்கா ஒருவர்தான்.

"எங்க தெருவுல யாருக்கு என்ன சந்தேகம்னாலும் என்கிட்டதான் வர்றாங்க. என் தம்பியைக் கேட்டுச் சொல்றேன், அவன் பொய் சொல்லமாட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பார் அக்கா, பெருமை பிடிபடாமல்.

இவரும் தலையாட்டுவார். பிறகு வீட்டுக்குப் போய், அக்கா கேட்டதில் நல்ல கேள்விகளாகப் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தால் போதும், ஊர் என்ன கேட்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எப்படி நழுவ வேண்டும் என்பதையும் எழுதி வைப்பார். இதில் ஒரு தப்பு இருப்பதாக அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. தொழில் அப்படி.

ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கிற வருஷம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்து எல்லோரையும் கேட்டபிறகுதான் உரிமம். நழுவலார் இரண்டு புத்தகம் தயார் செய்தார். ஒன்று, மரக்கன்று நடுகிற படமெல்லாம் போட்டு ஜனங்களுக்கு. இன்னொன்று, மேடையில் உட்காரும் மேலாளர்களுக்கான கேள்வி பதில். நாற்பது கேள்வி, நாற்பது நழுவல். இரண்டுக்கும் ஒரே அட்டை போட்டார். மேடையில் இருப்பவர்கள் ரகசியத் தாளைப் பார்த்துப் படிப்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாதாம். இந்த யோசனைக்காக மேலாளர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அச்சகத்துக்குக் கொடுத்த சீட்டில் அவர் கைப்பட எண்ணிக்கையை மாற்றி எழுதிவிட்டார். ஜனங்கள் புத்தகம் பன்னிரண்டு, மேலாளர் புத்தகம் முந்நூறு. கட்டுகள் வந்தன. நாற்காலிக்கு ஒன்று வைக்கிற வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார். ஓரம் கோணாமல் வைக்க வேண்டும். முந்நூறையும் தன் கையாலேயே, பிரித்துக்கூடப் பார்க்காமல், அழகாக வைத்துவிட்டு மேடையேறினார். தவளை தன் வாயால் கெடும். இவர் தன் கையால் கெட்டார்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பக்கம் புரட்டுகிற சத்தம் மழை மாதிரிக் கேட்டது. மேடையில் மேலாளர் முதல் கேள்விக்குப் பதிலைத் தேடித் தேடி மரக்கன்றுகளையே புரட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்தார். கையில் புத்தகம்.

"இருபத்துமூணாவது கேள்வி" என்றார். "காலையில காயப்போட்ட கறுப்புத் துணி கறுப்பாவே இருக்கு. சாயங்காலம் காயப்போட்டா மட்டும் ஏன் நரைச்சுப் போகுது?"

அக்கா ஒரு வியாழக்கிழமை கேட்ட கேள்வி அது. கேட்ட அழகுக்காக நழுவலார் ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதி வைத்திருந்தார். மேலாளர் இவரைப் பார்த்தார். இவர் மைக்கை வாங்கினார். அப்போதும் அவருக்கு விஷயம் விளங்கவில்லை, பழக்கம் பேசியது.

"மிக நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தார். "எங்கள் ஆலை எல்லா..."

"விதிமுறைகளையும் மதித்து நடக்கிறது!" என்று முந்நூறு பேரும் புத்தகத்தைப் பார்த்துக் கோரஸாக முடித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "புன்னகையோட சொல்லணும்னு போட்டிருக்கு சார், நீங்க புன்னகைக்கவே இல்ல!" என்று கத்தினார். மண்டபம் அதிர்ந்தது. அதிகாரி அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் நழுவலாருக்கு விஷயம் விளங்கியது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தூசி ஃபில்டரை நிறுத்திடறாங்க அக்கா" என்றார் மைக்கில். "கரண்டை மிச்சம் பிடிக்க. அஞ்சு வருஷமா."

மேலாளர் மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன, அதிகாரி அம்மா எழுதிக்கொண்டுவிட்டார். ஃபில்டர் ஓயாமல் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் உரிமம் வந்தது. நழுவலாரை ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில், ஃபோன் இல்லாத ஒரு அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம் அங்கே பேனாவும் பேப்பரும் விநியோகித்தார். அதற்காக அவர் வருத்தப்பட்டதே இல்லை.

வருத்தம் வேறு. அடுத்த வியாழக்கிழமை பயந்துகொண்டேதான் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். பீன்ஸ் நறுக்கினார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "உண்மையைச் சொன்ன, சந்தோஷம். ஆனா இத்தனை வருஷமா நான் உன்கிட்ட ஆசையா பேசிட்டிருந்தேன்னு நினைச்சேன்டா. நீ என்னை வச்சு ஒத்திகை பாத்துட்டிருந்திருக்க."

அதோடு சரி. சண்டை இல்லை, முகத்தைத் திருப்பவில்லை. வந்தால் சோறு உண்டு, போகும்போது கையில் ஏதாவது உண்டு. ஆனால் அன்றைக்குப் பிறகு அக்கா அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டார். "கை கழுவிட்டு உட்காரு" என்பார். வியாழக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகி, தலை முழுக்க நரைத்து, பதினைந்து வருஷம். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருக்க, மழை வருமா என்று காய்கறிக்காரரைக் கேட்பார் அக்கா. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஆயிரம் பதில் சொல்லலாம். கேட்காத கேள்விக்கு என்ன சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். மேஜைமேல் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மகள் செய்துகொள் என்கிறாளாம், மாப்பிள்ளை இந்த வயதில் எதற்கு என்கிறாராம். அக்கா இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தைலப் புட்டியை மூடினார். மூடியை இரண்டு தடவை திருகினார்.

"நீ சொல்லுடா" என்றார். "பண்ணிக்கட்டுமா, வேண்டாமா?"

நழுவலாருக்கு வாய்வரை பதில்கள் வந்தன. இந்தக் காலத்தில் எல்லாம் சுலபம் அக்கா, டாக்டர் கைராசிக்காரர், உனக்கென்ன குறைச்சல். எல்லாம் வழவழவென்று, மூலை முனை இல்லாமல். ஒவ்வொன்றாக விழுங்கினார். நாற்பது கேள்விக்குப் பதில் எழுதிய காலத்தில் ஒருமுறைகூட எழுதாத ஒன்றைச் சொன்னார்.

"எனக்குத் தெரியல அக்கா."

அக்கா அவரையே பார்த்தார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பண்ணிக்கிட்டவங்க நாலு பேரைப் பாத்துக் கேட்டுட்டு வரேன். நல்லதைச் சொன்னாலும் சொல்றேன், கெட்டதைச் சொன்னாலும் சொல்றேன்."

அக்கா காகிதங்களை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"போய்க் கேட்டுட்டு வா" என்றார். "நீ வந்து சொன்னப்புறம் கையெழுத்து போடறேன்."