கேட்டுத்தான் விற்றார்

டிரைவர் முரடர்தான், ஆனால் கேட்காமல் எதையும் செய்கிறவர் இல்லை. மனைவியின் தையல் மிஷினையும் கேட்டுத்தான் விற்றார். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார். மறுநாள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்தபடி, "என்ன, குடுத்துடலாமா?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டார். எல்லாத் தடவையும் அவள் தலையை ஆட்டினாள். கடைசித் தடவை சிரிக்கவும் செய்தாள். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன கேட்பான்?

விற்கக் காரணமும் இருந்தது. மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். கடைசி வருஷத்துக்குப் பணம் கட்ட வேண்டும். மிஷினோ துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஒரு காலத்தில் பள்ளிச் சீருடை, தலையணை உறை, கிழிந்த கால்சட்டை என்று படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். இப்போது ஈ காக்கை எட்டிப் பார்ப்பதில்லை. இவளுக்கும் அலுத்துப்போயிருக்கும், உழைத்தது போதும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று அவருக்கு வார ஓய்வு. அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். பழைய சாமான் கடைக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே எடை போடுவதால் தெருவில் அவருக்கு 'தராசு' என்று பெயர். சுவரில் இடித்து இடித்து மிஷினைக் கீழே இறக்கிக்கொண்டு போனார்.

அவள் பையோடு உள்ளே வந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் நாலு கால்களின் தடம். நடுவில் நூல் குப்பை. கையிலிருந்த பை நழுவி, தக்காளியெல்லாம் கட்டிலுக்கடியில் உருண்டது.

"மிஷின் எங்க?"

"எங்கன்னா? வித்தாச்சு. உன்னைக் கேட்டுத்தானே வித்தேன்."

அவள் அவர் வாயையே வெறித்துப் பார்த்தாள். பிறகு காதுக்குப் பின்னாலிருந்த காது மிஷினைக் கழற்றினாள். பர்ஸைத் திறந்து, ஏற்கெனவே பாதி தீர்ந்த, பொத்தான் அளவு பேட்டரி ஒன்றை எடுத்து அதற்குள் வைத்து மூடினாள். அது 'கீ' என்று ஒரு ஊளை விட்டது. மாட்டிக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"தராசுகிட்ட வித்தாச்சுன்னேன். இப்பச் சொல்லுங்கன்னா? அப்ப இதுவரைக்கும்?"

"பேட்டரி போடலை."

"எப்பலேருந்து போடலை?"

"போன வருஷத்துலேருந்து."

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே லாரி வந்தாலும் அசையாமல் பஸ்ஸை ஒடிக்கிற மனுஷன், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோயிற்று. கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தக் காது மிஷின் வந்தது. மாட்டிக்கொண்ட முதல் ராத்திரி அலறிப்போய் எழுந்து, "வீட்டுக்குள்ள ஏதோ உறுமுது" என்று அவரை உலுக்கினாள். அவருடைய குறட்டை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. காது கேளாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவிப் பணத்தில் அவளே பேட்டரி வாங்கிக்கொள்வாள். வாங்கியது போக, மருந்துக்கடைக்குப் போய்வர பஸ் காசும் மிஞ்சும். அதற்கென்று ஒரு பைசா அவரிடம் கேட்டதில்லை. அவரும் பேட்டரி என்ன விலை என்று கேட்டதில்லை.

"அந்தப் பணம்தான் வருதே?" என்றார்.

"வருது. அப்ப வந்த அதே பணம்தான் இப்பவும் வருது. பேட்டரி விலை அப்படியே நிக்குமா? மாசம் முழுக்க வந்தது பாதி மாசம் ஆச்சு. இப்ப ஒரு வாரத்துக்கே மூச்சு வாங்குது. மகள் போன் பண்றப்பப் போட்டுக்குவேன். காலையில தைக்கக் குடுக்க வர்றவங்களுக்காகக் கொஞ்ச நேரம். அதையும் இப்ப விட்டாச்சு. கதவைத் தட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுறாங்க."

"அப்ப எனக்கு?"

அவள் குனிந்து தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தாள். கணக்கில் முதலில் வெட்டப்பட்ட ஆள் தாம்தான் என்று டிரைவருக்குப் புரிந்தது.

"நான் சொன்னதுக்கெல்லாம் ம் போட்டியே?"

"வேற என்ன பண்ண? தட்டைப் பார்த்துக்கிட்டே பேசுவீங்க. நிமிர்ந்தாலும் அந்த மீசைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு எவளுக்குத் தெரியும்? சோறு போதுமான்னு கேக்குறீங்கன்னு நெனச்சு ஆட்டிடுவேன்."

ஒரு வருஷப் பேச்சு. டிப்போவில் மேலாளரோடு சண்டை போட்டது, முதுகுவலி, மகளை நினைத்துப் பயந்தது. அத்தனையும் சுவருக்குச் சொன்ன கதை.

"ஒருநாள் உன் எதிர்ல உட்கார்ந்து அழுதேனே. அதுகூடவா தெரியல?"

"அழுதீங்களா? குழம்புல காரம் ஜாஸ்தின்னு நெனச்சேன். தண்ணி கொண்டுவந்து வெச்சேனே."

வைத்தாள். அவரும் குடித்தார். பெண்டாட்டி எவ்வளவு பக்குவமாக ஆறுதல் சொல்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன கேடு?" என்று கத்தினார்.

"சொல்லத்தான் இருந்தேன். அன்னிக்கு நொண்டி, குருடு, செவிடு எல்லாரும் பணத்தை ஏத்திக் குடுன்னு ரோட்டுல உட்கார்ந்து உங்க பஸ்ஸை மறிச்சாங்கன்னு வந்து சொன்னீங்கல்ல? 'சும்மா குடுக்குற காசு, அது வேற வருஷா வருஷம் ஏறணுமாம். ஏறி மிதிச்சிடலாம்னு வந்துச்சு'ன்னீங்க. அப்ப காதுல பேட்டரி இருந்துச்சு."

"அது உன்னைச் சொல்லலையே. பொதுவாச் சொன்னது."

"பொதுவுல நான் இல்லையா?"

டிரைவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவள் விடவில்லை.

"விலை ஏறுனா உங்களுக்குப் பஞ்சப்படி குடுக்குறாங்க. ஒரு மாசம் தள்ளிப்போனாக்கூடச் சங்கத்துல கொடி புடிக்கிறீங்க. எனக்கு? உங்களுக்குப் பஞ்சப்படி, எனக்குக் காதுல பஞ்சு." அவள் தரையிலிருந்த தடத்தைப் பார்த்தாள். "போகட்டும். காதுதான் போச்சு, கை இருந்துச்சு. அதையும் தராசுகிட்டக் குடுத்துட்டீங்களே."

அவர் சட்டையை எடுத்து மாட்டினார். பித்தான் ஒன்று மாறிப்போனது கூடத் தெரியவில்லை. அவளும் கிளம்பினாள்.

தராசின் கடை, பாலத்துக்குக் கீழே தகரக் கொட்டகை. கதவில்லாத பீரோக்களுக்கும் காலில்லாத நாற்காலிகளுக்கும் நடுவில் மிஷின் நின்றது. அதற்குள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"வாங்கண்ணே. இன்னும் ஏதாவது விக்கணுமா?"

"அதைத் திருப்பிக் குடு. காசு இந்தா."

தராசு எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது காலை விலைண்ணே."

"காலையில வாங்குனது மத்தியானத்துக்குள்ள குட்டி போட்டுடுச்சா?"

"ஆள் கூலி, வண்டி, எண்ணெய். எல்லாம் ஏறுதுல்ல. அரிசி ஏறலையா? டீசல் ஏறலையா? ஏறாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க, அந்த விலைக்கே தர்றேன்."

"இருக்கு," என்றாள் அவள். "எனக்கு வர்ற பணம்."

தராசு அவள் காதைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். "இந்தம்மா சரின்னு தலையாட்டினாங்கன்னுதானே சொன்னீங்க?"

"ஆட்டினா. நான் கேட்டது அவளுக்குக் கேக்கல."

சொன்னது தம் வாய்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. தராசு தலையைச் சொறிந்தார். கேட்டதில் பாதியைக் குறைத்துக்கொண்டார், முழுசாகக் குறைக்கவில்லை. வியாபாரி வியாபாரிதான். டிரைவர் சட்டைப்பையைக் கவிழ்த்துக் கொடுத்தார். மகளுக்குக் கட்ட வேண்டியதற்கு இனி டிப்போ சங்கத்தில் கடன் கேட்டு நிற்க வேண்டும். நிற்கட்டும்.

மிஷினைச் சின்ன வேனில் ஏற்றிக் கட்டினார்கள். இவர்கள் இரண்டு பேரும் முன்னால், வேன்காரர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாலம் தாண்டும்போது அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேட்டரி முடியப்போகுது. டிக் டிக்குங்குது. ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லுங்க."

ஒரு வருஷமாக ஓயாமல் பேசிய மனுஷன் இப்போது சட்டைப் பித்தானைச் சரிபண்ணினார்.

"எதுக்கு அழுதீங்க?" என்று அவளே கேட்டாள்.

"கண்டக்டர் போயிட்டான்."

"எங்க போயிட்டாரு?"

"செத்துட்டான்டி. நெஞ்சுவலி. டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தவன் என் சீட்டுக்குப் பின்னாடியே விழுந்துட்டான். அதைத்தான் அன்னிக்கு உன்கிட்டச் சொன்னேன். சாவு வீட்டுக்கு நீ கிளம்பாதப்ப, உனக்குத் தாங்காதுன்னு நானே போயிட்டு வந்துட்டேன்."

அவருடைய பஸ்ஸில் இருபத்தைந்து வருஷம் விசிலடித்தவர் அந்தக் கண்டக்டர். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வேன்காரரே திரும்பிப் பார்த்தார்.

"எப்போ?"

"போன மழையில."

"அய்யோ. மழை விட்டதும் அவங்க வீட்டம்மாவைக் கடைத்தெருவுல பார்த்தேன். 'அண்ணன் ஏன் வீட்டுப் பக்கமே வர்றதில்ல, எங்களையெல்லாம் மறந்துட்டாரா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அவங்க என்னையே பார்த்தாங்க. உதடு ஏதோ அசைஞ்சுது. நான் சரி சரின்னு தலையாட்டினேன். விடுவிடுன்னு போயிட்டாங்க. என்ன திமிருன்னு நெனச்சேன்."

டிரைவருக்கு அந்தம்மா அன்றைக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்க," என்றாள். "அவங்க வீட்டுக்குப் போகணும்."

"மிஷினை இறக்கிட்டு நாளைக்குப் போவோம்."

அவளிடமிருந்து பதில் இல்லை. பேட்டரி செத்திருந்தது. அவர் அவள் தோளைத் தொட்டார். மீசையை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு தெரிய, "சரி, இப்பவே போவோம்" என்றார்.

"மொதல்ல மருந்துக்கடையில நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் அவள், தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரியாமல். "இந்தத் தடவை அவங்க பேசுறது எனக்குக் கேக்கணும்."