பேரிக்காய் சுற்றிய கதைப் புத்தகம்

பிள்ளைகளே, நான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். பெரிய பெரிய வார்த்தைகள் எனக்கு வராது. ஆனாலும் கதைப் புத்தகம் என்றால் உயிர். அந்த ஆசையால் என் மகளுக்கு நான் கொடுத்த தொல்லையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. வடகவுஞ்சிப் பக்கம் பேரிக்காய் ஷெட் ஒன்றில் எனக்கு மரப்பெட்டி அடிக்கிற வேலை. மகள் ஒன்பதாவது. தினமும் பஸ்ஸில் கொடைக்கானல் போய்ப் படித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில் வரும் பிள்ளைகளிடம் கொடுத்தால் புத்தகம் கிழிந்துதான் திரும்பும் என்று அவர்களுக்கு லைப்ரரி கார்டு தருவதில்லை. இவள் ஒரு வருஷம் விடாமல் கேட்டு வாங்கிவிட்டாள். பஸ் பிள்ளைகளில் இவளுக்குத்தான் முதல் கார்டு. ஒரு தாள் போனாலும் கார்டு போய்விடும் என்று லைப்ரரி டீச்சர் சொல்லித்தான் கொடுத்தார்.

முதலில் அவள் கொண்டுவந்தது அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்று அப்போது வரத் தொடங்கியிருந்த நாவல்களில் ஒன்று. மகள் என்ன படிக்கிறாள் என்று பார்ப்போமே என்று புரட்டினேன். எனக்குத் தெரிந்த கதைகளில் ராஜா இருப்பார், புதையல் இருக்கும், பொய் சொன்னவனுக்குக் கடைசியில் உதை விழும். இதிலோ பதினாலு வயதுப் பெண் ஒருத்தி கணக்கில் பெயிலாகி, மார்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். எழுதினவர் அவளைத் திட்டவே இல்லை! அவளுடைய பயத்தைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, ஐயோ இவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றும் இருந்தது. எழுந்து போய் என் மகளின் மார்க் கார்டை எடுத்து, அதிலிருந்த கையெழுத்து என்னுடையதுதானா என்று பார்த்தேன். என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை அவளிடம் சொல்லாமல் புத்தகத்தை ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு பேரிக்காயையும் பெண்கள் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார்கள். பெரிய காய்க்கு அரைச் செய்தித்தாள், பொடிக்காய்க்குப் பழைய நோட்டுத் தாள். பெட்டி அடிக்கிற வேலை இல்லாத நேரத்தில், சுற்றுகிற தாளில் இருப்பதை நான் உரக்க வாசிப்பது வழக்கம். அதில் எந்தச் செய்திக்கும் முடிவு இருக்காது. அன்று முழுக் கதையே கையில் இருந்தது. ஆளாளுக்கு வாய் திறந்துவிட்டார்கள்.

"அந்த அப்பன்காரன் அன்பா ஒரு வார்த்த பேசினா கொறஞ்சா போயிருவான்?" என்றாள் ஒருத்தி.

"நேத்து ஒன் மகன வெளக்கமாத்தால வெளுத்தியே, அது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பெயிலானதுக்கா அடிச்சேன்? பாஸாயிட்டேன்னு பொய் சொன்னதுக்குல்ல அடிச்சேன்!"

"இந்தப் புள்ளையும் அதத்தானடி செஞ்சுது!"

ஷெட்டே சிரித்தது. பல கை மாறியதில் புத்தகத்தின் தையல் ஏற்கெனவே விட்டுப்போய், தாள் தாளாகக் கழன்று வந்தது. வாசித்த தாளை எல்லாம் என் இடது பக்கம் வைத்துக்கொண்டே வந்தேன். பொடிக்காய்த் தாள் வைக்கிற இடமும் அதுதான். பெண்களின் காதுகள் கதையில் இருக்க, கைகள் பழக்கத்தில் அந்தத் தாள்களை எடுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தன. கடைசி அத்தியாயம் வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் வெறும் தரை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் அழவில்லை. "என் கார்டு போனா போகட்டும்ப்பா. இனிமே பஸ் புள்ளைகளுக்கே குடுக்க மாட்டாங்களே" என்றாள். அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வெள்ளனே வேறொரு லாரியில் ஏறி ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போனேன். கமிஷன் கடையில் எங்கள் பொடிக்காய்ப் பெட்டி மூன்றில் ஒன்று விடியும் முன்பே கேரளா போய்விட்டது. மற்ற இரண்டைத் திறந்து காய்களைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"என்னங்க மலைக்காரரே, பேரிக்காய்க்குச் சட்ட கழட்டவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

"மகளோட லைப்ரரி புத்தகமுங்க. இதுக்குள்ளதான் கெடக்கு."

 அவர் உடனே சுமைக்காரர்களைக் கூப்பிட்டார். "ஏலே, வாங்கடா! வெரசா உரிங்க!"

ஒருவன் ஒரு தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். "அண்ணே, அந்தப் புள்ள மாட்டிக்கிச்சா இல்லையா?"

"தாளக் குடு, சொல்றேன்."

இரண்டு தாள் தவிர எல்லாம் கிடைத்தது. அந்த நாலு பக்கமும், பெண் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். தொலைந்த நாலு பக்கத்துக்கு, தாங்கள் கேட்ட கதையை அவர்கள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். புத்தகத்தில் அந்தப் பெண்ணின் அம்மா "சாப்பிட வா" என்று மட்டும்தான் சொல்வாள். இவர்கள் சொன்ன கதையிலோ அவள் புருஷனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள்.

"அப்படி இல்லையே" என்றேன்.

"நீங்க வாசிச்சீங்க. நாங்கதானே கேட்டோம்?" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். எழுதின தாள்களையும் சேர்த்துக் கோணி ஊசியால் புத்தகத்தைத் தைத்தேன்.

திங்கட்கிழமை மகளோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் கையால் எழுதின பக்கங்களை நின்றபடியே படித்தார். "இந்த அம்மா மத்த எடத்துல வாயே தெறக்கல. இங்க மட்டும் இவ்வளவு பேசுறாங்களே?" என்றார்.

வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று மகள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரெண்டு தாள் தொலைஞ்சிருச்சு மிஸ். ஷெட்டு அக்காங்க சொன்னத நான் எழுதினேன்" என்றாள். தப்பு என்னுடையது என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

டீச்சர் கையை நீட்டினார். மகள் கார்டைக் கொடுத்தாள்.  அவர் அதன் பின்பக்கம், 'புத்தகம் ஷெட்டுக்குள் போகக் கூடாது' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"அப்பா, நீங்க கையெழுத்துப் போடுங்க. மக போடக் கூடாது."

போட்டேன். கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட மகள் அதைப் பார்த்து, அது என் கையெழுத்துதான் என்று டீச்சரிடம் சொன்னாள்.