ரோட்டில் இருந்து தெரிகிற வரை

அளவுக்கு மீறிக் கும்பிடுகிற ஆளை நான் நம்புவதில்லை. குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டை வாங்கியவர், சாவி கைக்கு வந்த அன்றே என் வாசலில் நின்று இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"பழசு பழசாவே இருக்கோணுமுங்க்கா. ஒரு ஆணியக்கூடப் புடுங்க மாட்டனுங்க" என்றார்.

நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொல்கிறார் என்று அப்போதே உறுத்தியது.

எங்கள் தெருவில் எல்லாமே வெள்ளைக்காரன் காலத்து வீடுகள். சிவப்புத் தகரக் கூரை, அதன் விளிம்பில் செதுக்கிய மரப்பட்டி, புகைபோக்கி. முகம் கிழக்கே ரோட்டைப் பார்த்திருக்கும். பின்னால் பள்ளத்தாக்கு. அவர் வீட்டுச் சமையலறையும் எங்களுடையதும் சரிவில் ஒரே கருங்கல் கட்டின் மேல் நிற்பவை.

இந்த வீடுகளைக் காப்பாற்ற முந்தைய வருடம்தான் வழிகாட்டு விதிகள் கொண்டுவந்தார்கள். அதிகாரி ஓர் இளம்பெண். பள்ளிக்கூட ஹாலில் எங்களைக் கூட்டி வைத்து, முன்புறம், பின்புறம், வீட்டுக்கு அடியில் இருக்கும் சரிவு எதையும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்றார். ஹாலே கொதித்தது. இன்றைக்கு ஜன்னலைக் கேட்பார்கள், நாளைக்கு வீட்டையே கேட்பார்கள் என்று எல்லாருக்கும் சந்தேகம். என் குரல்தான் உரக்கக் கேட்டது.

"ரோட்டுல இருந்து தெரியறத மட்டும் பாருங்க. எங்கூட்டுச் சமையக்கட்டுல உங்களுக்கு என்னங்க வேல?"

கைதட்டல் அடங்கவே நேரமானது. அப்படியே திருத்தி எழுதினார்கள். வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டு, ஜெயித்த சந்தோஷத்தோடு வீடு திரும்பினோம்.

புதியவர் சொன்னபடியே முன்பக்கத்தை இழைத்தார். கதவுக்கு எண்ணெய், கூரைக்குச் சிவப்புப் பெயிண்ட், உடைந்த மரப்பட்டிக்கு அதே மாதிரி புதுப்பட்டி. ஆனால் முன் ஜன்னலின் திரை திறக்கவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பச்சைத் துணியை உயரமாகக் கட்டிவிட்டார். பெயிண்ட் அடிக்கிற வீட்டில் இருந்து விடியற்காலையில் செம்மண் லோடு எதற்குப் போகிறது?

"தோட்டம் போடறாரு போல. உனக்கு ஆரப் பாத்தாலும் சந்தேகந்தான் புள்ள" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மார்க்கெட்டில் இருந்து காய்ப் பையோடு ஏறி வந்தேன். அன்றைக்கு அந்த ஜன்னலில் திரை இல்லை. கண்ணாடி முழுக்க அந்திவெயில். அழகாகத்தான் இருந்தது. இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. அது கிழக்கு ஜன்னல். சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்குகிறது. நடுவில் ஹாலும் இரண்டு அறைகளும் சமையலறையும் இருந்தாக வேண்டும்.

ஓடிப்போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து அந்தப் பச்சைத் துணியைக் கிழித்தேன். முன்சுவரும் முன்கூரையும் மட்டும் முட்டுக் கொடுத்து நிற்க, பின்னால் வீடே இல்லை. சரிவைக் குடைந்து கீழே கீழே தூண்கள் இறங்கியிருந்தன. கருங்கல் கட்டை எங்கள் எல்லை வரை அறுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் ஓடினேன். சமையலறையில் அரிசி டிரம்மை நகர்த்திப் பார்த்தேன். தரையில் இருந்து ஜன்னல் வரை வெடிப்பு. என் விரல் உள்ளே போனது.

புகார் கொடுத்ததும் அதே அதிகாரி வந்தார். ரோட்டில் நின்று பார்த்தார். பிறகு எங்கள் சமையலறைக்கு வந்து வெடிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, உடனே நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"மண்ணு வெட்டறதப் பாக்கறது வேற ஆபீசுங்கம்மா. எழுதி அனுப்பறனுங்க. எங்க விதிப்படி ரோட்டுல இருந்து தெரியறது மட்டுந்தான். அது அப்படியே இருக்குதுங்களே." வாசல் வரை போனவர் திரும்பினார். "அன்னைக்கு ஹால்ல பேசுனது நீங்கதானுங்களே?"



எழுதி அனுப்பியதற்கு இன்னும் பதில் இல்லை. மழை ஆரம்பித்துவிட்டது. அடுப்பையும் சிலிண்டரையும் முன்னறைக்குக் கொண்டுவந்து, சமையலறையைப் பூட்டிவிட்டோம். டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்தி இரண்டு வீட்டையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். ரோட்டில் இருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு குறையும் இல்லை.