தளபதியின் கோட்டு எந்தப் பக்கம் மூடும்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் பின்னால் கிழிசல் தைக்கும் அறை ஒன்று இருக்கிறது. அங்கே ஆறு பேருக்கு வேலை. அதில் ஐந்து பேரின் கத்தரிக்கோல் அடிக்கடி காணாமல் போகும். ஆறாவது மட்டும் பதினேழு வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறது, ஏனென்றால் அது மெஷினின் காலோடு சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் சொந்தக்காரியைத்தான் எல்லோரும் பூட்டக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

பூட்டக்கா யாரையும் நம்பமாட்டாள். அதை ஒரு குறையாகவும் அவள் நினைத்ததில்லை. குண்டூசிகளைக் காலையில் எண்ணித் திறப்பாள், சாயங்காலம் எண்ணி மூடுவாள். யாராவது "முகம் வாடியிருக்கே, உடம்பு சரியில்லையா அக்கா?" என்று கேட்டால், இவள் எதற்கு இதைக் கேட்கிறாள் என்று அரை நாள் யோசிப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு சினிமாவில் மனதைப் பறிகொடுத்தாள். அது விண்வெளிப் படம். அதில் எல்லைக் காவல் தளபதியாக ஒரு பெண் வருகிறாள். வயது நாற்பதுக்கு மேல். மொத்தமே நாலு வசனம். வருகிற கப்பலையெல்லாம் நிறுத்தி, கதாநாயகன் கப்பலையும் விடாமல், சல்லடை போட்டுச் சலிக்கிறாள். தியேட்டரில் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். பூட்டக்கா மட்டும் பக்கத்து சீட்டில் இருந்த தன் தம்பியிடம், "இந்தப் படத்துலயே புத்தியோட இருக்கிறவ இவ ஒருத்திதான்" என்றாள். அந்தத் தளபதி போட்டிருந்த கருநீலக் கோட்டுக்காக மட்டும் அவள் மறுபடி இரண்டு தடவை போனாள்.

வருடத்துக்கு ஒருமுறை பொருட்காட்சி அரங்கில் சினிமா ரசிகர்களின் மாநாடு நடக்கும். பிடித்த பாத்திரம் போல உடுத்திக்கொண்டு ஊர்ப்பட்ட ஜனம் வரும். அதில் உடைப் போட்டி ஒன்று உண்டு. துணி வெட்டுவதிலிருந்து கடைசித் தையல் வரை போட்டுக்கொள்கிறவரே செய்திருக்க வேண்டும், போட்டிக்கு வரும் இன்னொருவர் செய்ததைப் பார்த்துச் செய்யக்கூடாது என்பது விதி. இந்த வருடம் முதல் பரிசாக ஒரு படக் கம்பெனியின் உடைப் பிரிவில் வேலை என்று அறிவித்திருந்தார்கள்.

அதைப் படித்த நாளிலிருந்து பூட்டக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுக்கை விரிப்பு, நோயாளி அங்கி, தலையணை உறை என்று பதினேழு வருடமும் பிறர் கிழித்ததையே தைத்தவள் அவள். ஒரு முழுத் துணியை எடுத்து, வெட்டி, இல்லாத ஒன்றை உண்டாக்கும் வேலை அவளுக்கு வாய்த்ததே இல்லை. பரிசை ஜெயித்து, அதற்குப் பிறகு ஒரு விரிப்பில்கூட ஒட்டுப் போடக்கூடாது என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டாள்.

படம் தியேட்டரை விட்டுப் போயிருந்தது. போஸ்டரில் தளபதி இல்லை. ஆனால் கோட்டு முழுசாகத் தெரிகிற காட்சியை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நாலு நிமிட வீடியோ. அதைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, செய்தித்தாளில் வரைந்து வெட்டினாள். முதலில் மாதிரி தைத்துப் பார்க்க சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு விரிப்பை எடுத்தாள். அதையும் சும்மா எடுக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எடுத்தாள்.

எல்லாம் சரி, ஆனால் தன் முதுகைத் தானே அளக்க யாராலும் முடியாது. பூட்டக்கா தம்பி வீட்டில்தான் இருந்தாள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தினாள்.

"திரும்புங்க அண்ணி. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் பதி..."

"வாயால சொல்லாத. எழுதிக் காட்டு."

"உங்க முதுகு என்ன ராணுவ ரகசியமா?"

"எந்தச் சுவருக்குக் காது இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் காதே கேக்காது அண்ணி. நான் கத்திச் சொன்னாலும் என்னன்னு கேப்பாரு."

தம்பி மனைவி சிரித்துக்கொண்டே எழுதிக் காட்டினாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பூட்டக்கா சாயங்காலம் வரை யோசித்தாள். ஆனாலும் வேறு வழியில்லை. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் தோளில் துணியை வைத்துக் குண்டூசி குத்துவதற்கும் அவளேதான் வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள், தன்னை மறந்து, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டாள்.

"பொம்பளை கோட்டுல வலப்பக்கம் மேல வந்து மூடும். ஆம்பளை கோட்டுல இடப்பக்கம் மேல வரும். தளபதியோட கோட்டுல பாரு, இடப்பக்கம் மேல இருக்கு. அவ சிப்பாய். அதான் ஆம்பளை மாதிரி வச்சிருக்காங்க. நெட்டுல ரசிகர் குழுவுல இந்தக் கோட்டு தைக்கிற எவளும் இதக் கவனிக்கல. எல்லாரும் பொம்பளை கோட்டா தைச்சு வச்சிருக்காளுக. நடுவர் கண்ணுக்கு இது ஒண்ணு போதும்."

சொன்ன மறு நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தைத்த பாகங்கள் பீரோவுக்குள் போயின. பீரோக் கதவின் குறுக்கே ஒரு கறுப்பு நூலை ஒட்டிவைத்தாள். மூன்றாம் நாள் நூல் அறுந்து கிடந்தது.

"பீரோவைத் திறந்தது யாரு?"

"நான்தான் அண்ணி. உங்க தம்பி சட்டையெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு? அவரு என்ன, பனியனோடவா ஆபீசுக்குப் போவாரு?"

பதில் நியாயமானதுதான். ரொம்ப நியாயமாக இருந்ததால் பூட்டக்காவின் சந்தேகம் இன்னும் கூடியது.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ரசிகர் குழுவின் பக்கத்தில் ஒரு பெண் தான் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு படம் போட்டாள். அதே தளபதி. அதே கருநீலம். பெல்ட்டில் படத்தில் இருப்பது போலவே ஒன்பது கொக்கி. பூட்டக்கா படத்தைப் பெரிதாக்கினாள். இடப்பக்கம் மேலே வந்து மூடியிருந்தது.

உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்த விஷயம் அது. யார் இந்தப் பெண் என்று தேடினாள். பல் கிளினிக்கில் உதவியாளர் என்று போட்டிருந்தது. கிளினிக்கின் பெயரைப் படித்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன மாதம் தம்பி மனைவி கடைவாய்ப் பல் வலி என்று இரண்டு தடவை போய்வந்தது அங்கேதான்.

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எதிரிலேயே கேட்டாள்.

"பல்லு வலின்னு போனியே, அங்க பல்லைக் காட்டினியா, என் கோட்டைக் காட்டினியா?"

தம்பி மனைவிக்கு முதலில் புரியவில்லை. போனைக் காட்டியதும் புரிந்தது.

"அண்ணி, அங்க போனா வாயைத் திறந்து வச்சுக்கிட்டுப் படுத்திருக்கணும். வாய்க்குள்ள பாதி இரும்புக்கடைய வச்சிருந்தாங்க. அதோட நான் எப்படி உங்க கோட்டைப் பத்திப் பேசுறது?"

"ரெண்டு தடவை போனியே. ரெண்டாவது தடவை பேசியிருப்ப."

"அக்கா, போதும்" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு. திருட்டுத்தனம் பண்ண வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கும்போது நான் வெளிய பூட்டு போட்டு என்ன பிரயோஜனம்?"

தம்பி மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "திருடின்னு சொல்லிட்டீங்க. சரி. இனிமே உங்க முதுகை நீங்களே பாத்துக்கோங்க" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட தம்பி வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

முதுகுப் பக்கத்தை முடிக்க ஆளில்லாமல், பூட்டக்கா கோட்டை நாற்காலிக்கு மாட்டிவிட்டுக் குண்டூசி குத்தினாள். நாற்காலிக்கு ஏது தோள்? வலது தோள் கொஞ்சம் இறங்கிப்போனது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் சரியாக வரவில்லை. அந்தக் கோபத்தையும் தம்பி மனைவியின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

மாநாட்டன்று காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். அரங்கம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. போட்டிக்கான வரிசையில் அட்டையில் சிறகு செய்து மாட்டியிருந்த ஓர் ஆள், அவருக்கு முன்னால் அந்தப் பல் கிளினிக் பெண். பூட்டக்கா நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"யார் சொன்னா உனக்கு? கோட்டு இடப்பக்கம் மூடும்னு யார் சொன்னா?"

அந்தப் பெண் ஓர் அடி பின்னால் போனாள். "யாருக்கா நீங்க?"

"என் தம்பி பொண்டாட்டி. கடைவாய்ப் பல்லு. ரெண்டு தடவை வந்தா."

"கிளினிக்குக்குத் தினமும் முப்பது பேர் வராங்கக்கா. எல்லாருக்கும் கடைவாய்ப் பல்லுதான். எனக்கு யாரும் எதுவும் சொல்லல. நான் வீடியோவைப் பாத்துத்தான் தைச்சேன்." அவள் போனை எடுத்துக் காட்டினாள். பூட்டக்கா பார்த்துப் பார்த்து மனப்பாடமாகியிருந்த அதே நாலு நிமிட வீடியோ.

சிறகு மாட்டிய ஆள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதையா பாத்தீங்க? இது கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிப் போட்ட வீடியோம்மா. கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சுத் தூக்கிடக் கூடாதுன்னு திருட்டுத்தனமா ஏத்துறவங்க இடவலமா மாத்திடுவாங்க. பின்னாடி சுவத்துல கப்பல் நம்பர் இருக்கு பாருங்க."

பூட்டக்கா பார்த்தாள். அந்தச் சுவரை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. நூறு தடவை நிறுத்திப் பார்த்த காட்சியில் கோட்டைத் தவிர எதுவும் அவள் கண்ணில் பட்டதில்லை. சுவரில் ஏழும் நாலும் இரண்டும் எழுதப் பழகுகிற குழந்தை எழுதினது போல இடவலம் மாறித் திரும்பி நின்றன.

அந்த ஆளையும் அவள் உடனே நம்பவில்லை. இவருக்கு இதில் என்ன லாபம் என்று பார்த்தாள். ஆனால் எண்களைச் சந்தேகப்பட வழியில்லை. படத்தில் தளபதியின் கோட்டு வலப்பக்கம்தான் மேலே வந்து மூடுகிறது. எல்லாப் பெண்கள் கோட்டையும் போல. குழுவில் இருந்த அத்தனை பேரும் சரியாகத்தான் தைத்திருக்கிறார்கள்.

யோசிக்க நேரமில்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நடுவராக வந்திருந்த அம்மா படக் கம்பெனியின் உடைப் பிரிவுத் தலைவி. கோட்டைக் கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைப் புரட்டி, ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டினார். தோள் இறங்கியிருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். காலரை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினார்.

"இந்தக் காலரை எங்க ஆளுங்களே இவ்வளவு சுத்தமா வைக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். படத்துக் கோட்டு நான் செஞ்சது. அது வலப்பக்கம் மூடும். நீங்க இடப்பக்கம் வச்சிருக்கீங்க. சிப்பாய்ங்கிறதால வேணும்னே மாத்தினீங்களா? அப்படின்னா நல்ல யோசனை. எனக்கே தோணல."

பூட்டக்கா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நடுவர் அம்மா பல் கிளினிக் பெண்ணின் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா அந்தப் பொண்ணும் அதே மாதிரி வச்சிருக்கு. இப்படி ஒரு யோசனை ரெண்டு பேருக்குத் தனித்தனியா வராது. அவ உங்களைப் பாத்துத் தைச்சாளா? சொல்லுங்க, அவ பேரை அடிச்சுடறேன்."

இரண்டு வாரமாகப் பூட்டக்கா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். பதிலைக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். நேற்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பாள், மனச்சாட்சியும் உறுத்தியிருக்காது.

"யோசனை எல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "திருப்பிப் போட்ட வீடியோவைப் பாத்துட்டேன். அவளும் அதையேதான் பாத்திருக்கா. ரெண்டு பேருமே ஏமாந்துட்டோம். அவ யாரையும் பாத்துத் தைக்கல."

நடுவர் அம்மா தாளில் ஏதோ எழுதினார். "நல்ல கை. ஆனா பாத்ததைச் சரிபாக்கத் தெரியணும். எங்க வேலையில அதுதான் முக்கியம்" என்று கோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பரிசு ஓர் இளைஞன் செய்த தலைக்கவசத்துக்கும் கவசத்துக்கும் போனது. அறிவிப்பு முடியும்வரை பூட்டக்கா நிற்கவில்லை.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். தம்பி மனைவிதான் எடுத்தாள்.

"நான் சொன்னது தப்பு" என்றாள் பூட்டக்கா. "நீ யார்கிட்டயும் சொல்லல. தெரிஞ்சுபோச்சு."

"திருடின்னு உங்க தம்பி முன்னாடிதானே சொன்னீங்க? இதையும் அவரு முன்னாடி வந்து சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் கருநீலக் கோட்டோடு நின்றுகொண்டே வந்தவளை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி, "ஜெயிச்சியா அக்கா?" என்றான்.

"அது இருக்கட்டும்." அவள் உட்காரவில்லை. "இவளைத் திருடின்னு சொன்னேன்ல, அது என் புத்தி செஞ்ச வேலை. இவ மேல தப்பே இல்ல. வீடியோ தப்பு, அதை நம்பின நான் தப்பு." வீடியோ கதை முழுவதையும் சொன்னாள். நடுவர் கேட்டதையும் தான் சொன்னதையும்கூட விடவில்லை.

"அந்தப் பொண்ணு பாத்துத் தைச்சான்னு சொல்லியிருந்தா வேலை கிடைச்சிருக்குமா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"அநேகமா."

தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். இது உண்மைதானா, இல்லை, இதற்குள்ளும் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு மூலை விடாமல் தேடுகிற பார்வை. அந்தப் பார்வையைப் பூட்டக்காவுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கையை ஆட்டாமல், கண்ணைத் திருப்பாமல், அவள் தேடி முடிக்கிறவரை அப்படியே நின்றாள்.