ஐம்பது கடலையும் ஒரு செபமாலையும்

நான் கத்தோலிக்கனாக மாறியதில் என் அம்மாவுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. அதையும் நான் பாதியில் விட்டுவிடுவேன் என்பதுதான் அவருடைய பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தினேன். வெல்டிங் வகுப்புக்கு இரண்டு மாதம் போனேன். கிட்டாரில் மூன்று கம்பி அறுந்ததும் அதைத் தூக்கி அலமாரி மேல் போட்டேன். மீன் வளர்க்க வாங்கிய கண்ணாடித் தொட்டியில் அம்மா இப்போது வெங்காயம் வைத்திருக்கிறார். ஈஸ்டரில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இது எத்தனை மாசத்துக்கு?"

எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் மற்றவர்கள் கேட்டது வேறு. "எந்தப் பொண்ணு?" என்றார்கள். பெண்ணுக்காக இல்லாமல் ஒருவன் மதம் மாறுவான் என்று யாரும் நம்பவில்லை. நானும் அவர்களை ஏமாற்ற விரும்பவில்லை. "பேரு மரியா. வயசு மட்டும் என்னை விடக் கொஞ்சம் கூட" என்றேன். இரண்டு பேர் போட்டோ கேட்டார்கள்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ஏர்கோன் என்கிற ஏசி இயந்திரங்களைக் கழுவுவது என் வேலை. ஒரு நாள் கெலாங் பாத்தா பக்கம் ஒரு தேவாலயத்தில் ஆறு ஏர்கோன்களைக் கழுவிவிட்டு, காயட்டும் என்று ஏணியடியில் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் செபம் நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை யாரோ அணைத்தது போல் இருந்தது. மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை ஏணி இல்லாமல் போனேன்.

ஆனால் செபமாலை சொல்லக் கேட்பது வேறு, சொல்வது வேறு. செப்டம்பர் கடைசியில் எங்கள் அன்பியத்துத் தலைவி அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு. அக்டோபர் முழுவதும் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, நாளைக்கு ஒரு வீடாகப் போகும். எந்த வீட்டுக்கு வருகிறதோ, அந்த வீட்டார் செபமாலையை நடத்த வேண்டும்.

"தம்பி, நீங்க தினமும் செபமாலை சொல்றீங்கதானே?"

"சொல்றேன்க்கா" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அதுவரை நான் சொன்னது மொத்தம் நான்கு முறை. அதில் ஒரு முறை தூங்கிவிட்டேன்.

"அப்ப முப்பத்தொண்ணாம் தேதி உங்க வீடு" என்று எழுதிக்கொண்டு போனார்.

வீட்டில் இருப்பது அம்மாவும் நானும்தான். ஹாலில் அம்மாவின் சாமி மேடை இருக்கிறது. முருகன், அம்மன், பிள்ளையார் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். என் செபமாலைக்கு அந்த வீட்டில் இருந்த இடம் ஹெல்மெட்டுக்குள்தான். ஒரு நாள் மாலைக்காவது மாதா அந்த ஹாலுக்குள் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. கடைசியில் சோறு சாப்பிடும்போது கேட்டேன்.

"வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. முருகன் கொஞ்சம் நகர்ந்து இடம் குடுப்பாரு" என்றார் அம்மா. "ஆனா நீ முப்பது நாள், ஒரு நாள் விடாம அந்த மாலையைச் சொல்லணும். ஒரு நாள் விட்டே, கதவு திறக்காது."

"நான் சொல்றதுக்கும் அவங்க வர்றதுக்கும் என்னம்மா இருக்கு?"

"விருந்தாளியக் கூப்பிட்டுட்டு நீ பாட்டுக்கு எழுந்து போயிடுவே. அப்புறம் நான்தானே அவங்க மூஞ்சியில முழிக்கணும்?"

அக்டோபர் ஒன்றாம் தேதி ஹாலில் முழங்கால் போட்டேன். மணிக்கு ஒரு செபமாக, பத்துப் பத்தாக ஐம்பது மணி உருட்டினால்தான் ஒரு செபமாலை. இரண்டாவது பத்து மணியிலேயே முழங்கால் மரத்துவிட்டது. மூன்றாவது பத்தில் ஒரு சின்ன வேலை செய்தேன். எட்டு மணியோடு அடுத்ததற்குத் தாவினேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"டேய், எட்டுதான் ஆச்சு."

"நீ ஏம்மா எண்ணுறே?"

"நூத்தியெட்டுப் போற்றி சொல்றவ நான். உன் பத்தை எண்ண மாட்டேனா?"

முடித்ததும் அம்மா வந்து, சீன மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஒன்றாம் எண்ணின் மேல் குங்குமத்தால் பொட்டு வைத்தார். மறுநாள் இரண்டின் மேல். இப்படி என் கத்தோலிக்க வாழ்க்கை குங்குமத்தில் பதிவாகத் தொடங்கியது.

ஒரு வாரத்தில் உடம்பு கெஞ்சியது. நாள் முழுக்க ஏணியில் நின்றவனுக்கு மாலையில் முழங்காலா? அம்மாவிடம் பேரம் பேசினேன். ஒரு ஏர்கோனுக்குப் பத்து மணி. ஐந்து ஏர்கோன் கழுவினால் ஒரு செபமாலை. அம்மா யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் சாட்சி வேண்டும் என்றார். சாட்சி, என்னோடு வேனில் வரும் கூட்டாளி. அவனும் அம்மாவைப் போல இந்து. இந்த வேலையை அவன் பதவி உயர்வு போல ஏற்றுக்கொண்டான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் பறக்கும்.

"அத்தே, ரெண்டு பத்து முடிஞ்சிருச்சு. ஆனா ரெண்டாவதுல நடுவுல போன் எடுத்தான். நான் பார்த்தேன்."

"டேய், நீ எனக்குக் கூட்டாளியா, அவங்களுக்குக் கூட்டாளியா?"

"மச்சான், அத்தை வீட்டு மீன்கறி சாப்பிட்டிருக்கேன். உன்கிட்ட என்ன சாப்பிட்டேன்?"

ஒரு நாள் ஒரு சீன ஆன்ட்டி வீட்டில் ஏணி மேல் நின்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஏர்கோனைப் போட்டதும் அது சத்தமே இல்லாமல் ஜில்லென்று ஓடியது. ஆன்ட்டி என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். பழைய பிரிட்ஜைக் காட்டி, "ஆடிக், இனி போலே?" என்றார். தம்பி, இதற்கும் முடியுமா என்று மலாயில் கேட்கிறார். கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அந்த பிரிட்ஜுக்கும் மூன்று மணி சொன்னேன். அது பிழைத்ததா என்று தெரியாது.

பதினெட்டுப் பொட்டு ஆனது. பத்தொன்பதாம் நாள் பொந்தியானில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. எல்லா ஏர்கோனிலும் எண்ணெய்ப் பிசுக்கு. வாயைத் திறந்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே போகிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்தேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது.

அம்மா குளித்துக்கொண்டிருந்தார். மேசையில் சுண்டல் இருந்தது. நவராத்திரி என்பதால் வீட்டில் சுண்டலுக்குக் குறைவில்லை. ஒரு கிண்ணத்தில் அள்ளி வாயில் போட்டுக்கொண்டே காலண்டரைப் பார்த்தேன். பத்தொன்பதின் மேல் பொட்டு இருந்தது. ஆனால் சிவப்பு இல்லை, மஞ்சள்.

குங்குமம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா பழக்க தோஷத்தில் வைத்திருப்பார். நான் சொல்லாமலே தூங்கியது அவருக்குத் தெரியாது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மஞ்சள்தான் கொஞ்சம் உறுத்தியது. சாமி மேடையிலிருந்து குங்குமம் தொட்டு, மஞ்சளின் மேல் அழகாக ஒரு பொட்டு வைத்தேன்.

திரும்பினால் அம்மா நிற்கிறார். என் விரலைப் பார்த்தார்.

"அழிச்சிட்டியா?"

"இல்லம்மா, கலர் சரியில்லன்னு..."

"மஞ்சள் நான் சொன்னதுக்கு வச்சது."

எனக்குப் புரியவில்லை.

"நீ வாயத் திறந்துகிட்டுத் தூங்குறே. உன் மாதா, அந்தப் பொம்பளை, பதினெட்டு நாளா வந்து காத்துக்கிட்டு இருந்தவங்க. வெறுங்கையோட அனுப்ப முடியுமா? மொத ஒரு வாரம் தினமும் கேட்டேன்ல, எனக்கு வராதா? நானே சொல்லிட்டேன்."

"மாலை என்கிட்டதானே இருந்துச்சு? எப்படி எண்ணுனே?"

"ஊற வைக்க எடுத்த கடலையில அம்பது பொறுக்கி வச்சேன். ஒவ்வொண்ணாச் சட்டியில போட்டேன்."

"அந்தக் கடலை எங்கேம்மா?"

அம்மா என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

செபமாலையைத் தேங்காய்ப் பூவோடு தாளித்துச் சாப்பிட்ட முதல் கத்தோலிக்கன் நானாகத்தான் இருப்பேன். வாயில் இருந்ததை மெல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"மெல்லு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அம்மா. பிறகு ஈரத்துணியால் என் சிவப்புப் பொட்டைத் துடைத்து, அதே இடத்தில் மஞ்சளை மறுபடியும் வைத்தார். "இது என்னுது. உன்னுது போச்சு. இன்னைக்கு ஒண்ணு."

"அம்மா! முப்பத்தொண்ணாம் தேதி?"

"வார்த்தைன்னா வார்த்தைதான்."

அன்பியத்து அக்காவிடம் போய்ச் சொல்வதுதான் கொடுமையாக இருந்தது. தேதியை மாற்றச் சொன்னால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் பழைய பொய்யும் வெளியே வரும். எல்லாவற்றையும் சொன்னேன், கடலை உட்பட. அக்கா நோட்டில் என் வீட்டை அடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "தம்பி, நானும் வாரத்துல ரெண்டு நாள் பாதியில தூங்கிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அக்டோபர் முடிந்தது. மாதா எங்கள் வீட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு நானும் எதிர்வீட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் நின்று சொன்னேன்.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்த பிறகு நான் காலண்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்த்தால் கோபம் வந்தது. கூட்டாளியும் சலித்துப்போய், சாயங்காலம் அம்மாவுக்கு "அஞ்சும் முடிஞ்சிருச்சு" என்று ஒரே மெசேஜோடு நிறுத்திக்கொண்டான். ஏணி ஏறினால் வாய் தானாக ஆரம்பிக்கும். நவம்பரில் ஒரு நாள் காலையில் சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்.

"நேத்தோட முப்பது."

"என்னது முப்பது?"

அம்மா சிரித்துவிட்டார்.

சுரூபம் தேவாலயத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. அக்கா பேசி வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஏர்கோன் வேனின் முன் இருக்கையில் உட்கார வைத்து, சீட் பெல்ட் போட்டு, நானே ஓட்டி வந்தேன். கூட்டாளி பின்னால் ஏணியோடும் கேஸ் சிலிண்டரோடும் உட்கார்ந்து, "முன் சீட்டு எனக்குன்னு இருந்துச்சு, அதுவும் போச்சுலா" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். மாதாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். முருகன் நகர்ந்து இடம் கொடுத்திருந்தார். நான் முழங்கால் போட்டு ஆரம்பித்தேன். அம்மா விருந்தாளிகளுக்குச் சுண்டல் தாளிக்க உள்ளே போனார்.

நான்காவது பத்தில் தாளிக்கும் வாசனை வந்தது. எனக்குப் பசி. ஒன்றே ஒன்றைத்தான் விட்டேன்.

"ஒம்பதுதான் ஆச்சு" என்றார் அம்மா, உள்ளேயிருந்து.